பொருளாதார முன்கணிப்பும் நிதித் தரவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆராய்ச்சியில் புதிதாகக் கால் வைப்பவர்களும், செய்தியில் வரும் வளர்ச்சி விகித முன்கணிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று யோசிப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. சூத்திரங்கள் இல்லாமல் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். பலரும் தடுக்கி விழும் இடங்கள் அவைதான்.

பொருளாதார அளவையியல் என்றால் என்ன? அதுவும் புள்ளியியல்தானே?

வட்டி விகிதம் ஏறினால் முதலீடு குறையும் என்று பொருளாதாரக் கோட்பாடு சொல்லும். எவ்வளவு குறையும், எத்தனை மாதம் கழித்துக் குறையும், அந்தப் பதிலில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று சொல்லாது. இந்த மூன்றுக்கும் தரவிலிருந்து விடை தேடுவதுதான் பொருளாதார அளவையியல், அதாவது எக்கனாமெட்ரிக்ஸ். 1930இல் எக்கனாமெட்ரிக் சொசைட்டி தொடங்கியது. 1933இல் எக்கனாமெட்ரிக்கா இதழ் வந்தது. பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு முதன்முதலாக 1969இல் வழங்கப்பட்டபோது, அதைப் பெற்ற இருவருமே இந்தத் துறைக்காரர்கள்: நார்வேயின் ராக்னர் ஃபிரிஷ், மற்றும் 1936இல் நெதர்லாந்துப் பொருளாதாரம் முழுவதற்கும் ஒரு கணித மாதிரியை (மாடல்) கட்டிய யான் டின்பர்கன்.

புள்ளியியலிலிருந்து வேறுபடும் இடம் ஒன்று உண்டு. ஒரு மருந்தை ஆயிரம் பேருக்குக் கொடுத்துச் சோதிக்கலாம். 2008ஆம் ஆண்டை வேறு வட்டி விகிதத்தோடு இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க முடியாது. கையில் இருப்பது ஒரே ஒரு வரலாறு. நடந்திருக்கக்கூடிய பல வரலாறுகளில் ஒன்றாக அதைக் கருதி, நிகழ்தகவைக் கொண்டு அணுகலாம் என்று 1944இல் வாதிட்டவர் ட்ரிக்வே ஹாவெல்மோ. இன்றைய வேலை எல்லாம் அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது.

முன்கணிப்பதும் காரணம் கண்டுபிடிப்பதும் ஒன்றா?

இல்லை. எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை பெய்யும் என்கிறது பழமொழி. முன்கணிப்புக்கு அது நல்ல குறிப்பு. அதற்காக எறும்பைத் திட்டில் ஏற்றிவிட்டு மழைக்குக் காத்திருக்க மாட்டோம். குறுகிய காலக் கடன் பத்திரத்தின் வட்டி நீண்ட காலப் பத்திரத்தின் வட்டியைவிட மேலே போனால், அமெரிக்காவில் பலமுறை அதைத் தொடர்ந்து மந்தநிலை வந்திருக்கிறது. குறியீடாக அது பயன்படும். ஆனால் அந்த இடைவெளியைச் செயற்கையாகச் சரிசெய்துவிட்டால் மந்தநிலை வராது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

இதையே கொள்கையின் பக்கத்திலிருந்து ராபர்ட் லூகாஸ் 1976இல் சொன்னார். அரசோ மத்திய வங்கியோ நடைமுறையை மாற்றினால் மக்கள் தங்கள் எதிர்பார்ப்பையும் மாற்றிக்கொள்வார்கள். பழைய தரவில் கண்ட உறவு அதோடு குலைந்துபோகும். ஆகவே "அடுத்த காலாண்டில் பணவீக்கம் எவ்வளவு?" என்பதற்கு உதவும் மாதிரி, "வட்டியை மாற்றினால் பணவீக்கம் என்ன ஆகும்?" என்பதற்கும் உதவும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதை ஆய்வின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

ஒரு முன்கணிப்பு நல்லதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

என்னைக் கேட்டால் இதைவிட முக்கியமான கேள்வி இந்தத் துறையில் இல்லை. நான் முதலில் பார்ப்பது இதுதான்: "கடைசியாகத் தெரிந்த எண்ணே அடுத்த முறையும் வரும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைவிட உங்கள் மாதிரி மேலா?

சுலபமான சோதனை போலத் தோன்றும். 1983இல் ரிச்சர்ட் மீஸும் கென்னத் ரோகாஃபும் நாணய மாற்று விகிதங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். டாலருக்கு எதிராக ஜெர்மன் மார்க், ஜப்பானிய யென், பிரிட்டிஷ் பவுண்டு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, அன்றைய முன்னணிப் பொருளாதார மாதிரிகளை "இன்றைய விலையே நாளைய விலை" என்ற கணிப்போடு மோதவிட்டார்கள். ஓராண்டுக்குட்பட்ட கணிப்புகளில் அந்த மாதிரிகளால் வெல்ல முடியவில்லை. வட்டி, பண அளிப்பு போன்றவற்றின் உண்மையான எதிர்கால மதிப்புகளையே மாதிரிகளுக்குக் கொடுத்துப் பார்த்தும் நிலைமை மாறவில்லை. விடைத்தாளைப் பார்த்து எழுதியும் தேர்வில் தோற்றது போல.

எனவே நடைமுறை இதுதான். தரவை இரண்டாகப் பிரியுங்கள். முதல் பகுதியில் மாதிரியைப் பொருத்துங்கள். அது பார்த்தே இராத இரண்டாம் பகுதியில் சோதியுங்கள். காலத்தொடர்த் தரவை ஒருபோதும் குலுக்கிப் பிரிக்காதீர்கள். குலுக்கினால் நாளைய தகவலை வைத்து நேற்றைக் கணிப்பதாக ஆகிவிடும். ஒவ்வொரு மாதமாக நகர்ந்து, அந்தந்த மாதம் வரை உள்ள தரவை மட்டும் கொண்டு கணித்து, பிழையைக் குறித்துக்கொண்டே போங்கள். இரண்டு மாதிரிகளின் பிழைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் தற்செயலா என்று பார்க்க டீபோல்டும் மாரியானோவும் 1995இல் ஒரு சோதனையைக் கொடுத்தார்கள். பெரும்பாலான மென்பொருள்களில் கிடைக்கிறது, பயன்படுத்துங்கள்.

என் ரிக்ரஷனில் ஆர்-ஸ்கொயர் 0.98 வந்திருக்கிறது. சந்தோஷப்படலாமா?

முதலில் சந்தேகப்படுங்கள். ஒரு தொடரின் ஏற்ற இறக்கத்தை வேறு தொடர்களால் விளக்கப் பார்ப்பது ரிக்ரஷன். அதில் எவ்வளவு பங்கு விளக்கப்பட்டது என்று 0 முதல் 1 வரை சொல்வது ஆர்-ஸ்கொயர். 1926இல் உட்னி யூல் ஒரு கணக்கைக் காட்டினார். 1866 முதல் 1911 வரை, இங்கிலாந்தில் நடந்த திருமணங்களில் இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்தவற்றின் விகிதத்தையும் அதே ஆண்டுகளின் இறப்பு விகிதத்தையும் பக்கத்தில் வைத்தால், ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் எண், உச்சம் 1) சுமார் 0.95. தேவாலயத்தில் கல்யாணம் குறைந்ததால் சாவு குறைந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டும் காலப்போக்கில் இறங்கிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

ஜி.டி.பி, விலைவாசிக் குறியீடு, பங்குச் சந்தைக் குறியீடு எல்லாமே இப்படி ஒரே திசையில் நகரும் வகை. 1974இல் கிளைவ் கிரேஞ்சரும் பால் நியூபோல்டும் ஒருபடி மேலே போனார்கள். ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் இல்லாத இரண்டு ரேண்டம் வாக் தொடர்களை, அதாவது ஒவ்வொரு அடியும் முந்தைய இடத்திலிருந்து தற்செயலாக நகரும் தொடர்களைக் கணினியில் உருவாக்கி ரிக்ரஷன் போட்டார்கள். பெரும்பாலான தடவை "முக்கியமான உறவு இருக்கிறது" என்றே முடிவு வந்தது. அவர்கள் சொல்லிவிட்டுப் போன ஒரு சுலபமான எச்சரிக்கை இன்றும் பயன்படுகிறது: ஆர்-ஸ்கொயர், அடுத்தடுத்த பிழைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா என்று காட்டும் டர்பின்-வாட்சன் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் அந்த ரிக்ரஷனை நம்பாதீர்கள்.

சரி, என்ன செய்வது? தொடர் நிலையானதா, அதாவது அதன் சராசரியும் பரவலும் காலத்தோடு மாறாமல் இருக்கிறதா என்று டிக்கி-ஃபுல்லர் சோதனையால் பாருங்கள். இல்லையென்றால் மட்டத்தை விட்டுவிட்டு மாற்றத்தை எடுங்கள்: ஜி.டி.பி-க்குப் பதில் அதன் வளர்ச்சி விகிதம்.

இதில் ஒரு விலக்கு உண்டு. இரண்டு தொடர்கள் தனித்தனியாக அலைந்தாலும், ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு ஓடங்கள் போல ஒன்றையொன்று ரொம்ப தூரம் விட்டுப் பிரியாமல் இருக்கலாம். நுகர்வும் வருமானமும் அப்படி, குறுகிய கால வட்டியும் நீண்ட கால வட்டியும் அப்படி. இதற்கு கோஇன்டெக்ரேஷன் என்று பெயர். இங்கே வெறும் மாற்றத்தை மட்டும் எடுத்தால் கயிறு இருப்பதையே மறந்துவிடுகிறோம். கயிறு எவ்வளவு வேகமாக ஓடங்களை இழுத்துச் சேர்க்கிறது என்பதையும் மாதிரியில் சேர்க்க வேண்டும். ராபர்ட் எங்கிளும் கிரேஞ்சரும் 1987இல் எழுதிய கட்டுரை இதற்கான வழியைக் கொடுத்தது. கிரேஞ்சருக்கு 2003இல் நோபல் கிடைத்ததும் இதற்காகவே.

எந்த மாதிரியில் தொடங்குவது?

சின்னதில். ஒரே தொடர் என்றால், அதை அதன் கடந்த மதிப்புகளையும் பிழைகளையும் கொண்டு கணிக்கும், 1970இல் பாக்ஸும் ஜென்கின்ஸும் பரவலாக்கிய அரிமா மாதிரி. பல தொடர்கள் ஒன்றையொன்று பாதிக்கின்றன என்றால், ஒவ்வொன்றையும் எல்லாவற்றின் கடந்த மதிப்புகளாலும் விளக்கும், 1980இல் கிறிஸ்டோபர் சிம்ஸ் முன்வைத்த வெக்டர் ஆட்டோரிக்ரஷன், சுருக்கமாக வி.ஏ.ஆர்.

இரண்டாவதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஆறு மாறிகள், நான்கு காலாண்டுப் பின்னடைவு (அதாவது முந்தைய நான்கு காலாண்டுகளின் மதிப்புகள்) என்று வைத்தால் ஒவ்வொரு சமன்பாட்டிலும் 24 கெழுக்களும் (அந்த மதிப்புகளைப் பெருக்கும் எண்கள்) ஒரு மாறிலியும். மொத்தம் 150 எண்களை மதிப்பிட வேண்டும். 20 ஆண்டுத் தரவு என்றால் காலாண்டுகள் 80தான். இவ்வளவு குறைவான தரவிலிருந்து அத்தனை எண்களைக் கறந்தால், மாதிரி இரைச்சலையும் (தற்செயல் ஆட்டத்தையும்) சேர்த்துக் கற்றுக்கொள்ளும். அதனால்தான் கெழுக்களை ஒரு எளிய எண்ணை நோக்கி இழுத்துப் பிடிக்கும் பேசியன் முறைகள் வந்தன. அவை இழுக்கும் இலக்கு எது தெரியுமா? பெரும்பாலும் அந்தப் பழைய ரேண்டம் வாக்தான், அதாவது "கடைசி எண்ணே அடுத்த எண்" என்ற கணிப்பு.

பழைய தரவில் சோதித்தபோது அருமையாக வந்தது, இப்போது சொதப்புகிறது. ஏன்?

மூன்று காரணங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதலாவது, திருத்தப்பட்ட தரவு. ஜி.டி.பி எண் ஒருமுறை வந்ததும் முடிந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் 2008இன் கடைசிக் காலாண்டுக்கு முதலில் வெளியான மதிப்பீடு, ஆண்டு விகிதத்தில் 3.8% சரிவு. பின்னாளில் திருத்தங்கள் முடிந்தபோது அது 8 சதவீதத்துக்கும் மேலான சரிவு என்று ஆனது. இன்று நீங்கள் பதிவிறக்கும் கோப்பில் இருப்பது இந்தத் திருத்தப்பட்ட எண். 2009 பிப்ரவரி தொடக்கத்தில் முடிவெடுத்தவர் கையில் இருந்தது பழைய எண். உங்கள் மாதிரி அவரைவிடச் சாமர்த்தியமாகத் தெரிவதற்குக் காரணம், அவர் பார்த்திராத எண்ணை அது பார்த்திருப்பதுதான். எந்த நாளில் எந்த எண் வெளியாகியிருந்தது என்பதைத் தேதிவாரியாகச் சேமித்துவைக்கும் தரவுத்தளங்கள் இருக்கின்றன. செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கி நடத்தும் ஆல்ஃப்ரெட் அப்படிப்பட்டது. இலவசம். முன்கணிப்புச் சோதனை என்றால் அதைத்தான் எடுக்க வேண்டும். பருவகாலச் சரிசெய்த (ஆண்டுதோறும் திரும்பும் ஏற்ற இறக்கங்களை நீக்கிய) தரவிலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கிறது. அந்தச் சரிசெய்தலே பிந்தைய மாதங்களின் எண்களையும் பார்த்துத்தான் நடக்கிறது.

இரண்டாவது, பிழைத்தவர்களை மட்டும் எண்ணுவது. இன்றைக்குப் பங்குச் சந்தைக் குறியீட்டில் இருக்கும் நிறுவனங்களின் பட்டியலை எடுத்து 15 ஆண்டு பின்னோக்கிச் சோதித்தால், இடையில் திவாலானவை கணக்கிலேயே வராது. லாபம் பெரிதாகத் தெரியும்.

மூன்றாவது, பல முறை முயன்றது. உண்மையில் எந்தப் பலனும் இல்லாத 20 உத்திகளை, 5% முக்கியத்துவ அளவில் (பலன் இல்லாததை இருப்பதாகத் தவறிச் சொல்ல 5% வாய்ப்பு), ஒன்றுக்கொன்று சார்பில்லாமல் சோதித்தால், குறைந்தது ஒன்றாவது "வேலை செய்கிறது" என்று காட்ட 64% வாய்ப்பு உண்டு. ஆய்வறிக்கையில் அந்த ஒன்று மட்டும் இடம்பெறும். மீதி 19 எங்கேயும் இருக்காது. எத்தனை முயன்றீர்கள் என்பதை எழுதிவையுங்கள்.

பங்கு விலையை முன்கணிக்க முடியுமா?

நாளை ஏறுமா இறங்குமா என்று கேட்டால், பெரும்பாலும் முடியாது. ஆல்ஃபிரட் கௌல்ஸ் 1933இலேயே சந்தை ஆலோசகர்களின் கணிப்புகளைத் திரட்டி ஆராய்ந்தார். அவர்களுக்குக் கணிக்கும் திறன் இருக்கிறதா என்பதே சந்தேகம் என்ற முடிவுக்கு வந்தார்.

நாளை எவ்வளவு ஆடும் என்று கேட்டால், அதற்கு ஓரளவு பதில் உண்டு. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இது. தினசரி லாப விகிதங்களுக்கு இடையே தொடர்பு ஏறத்தாழ இல்லை. அதே எண்களை வர்க்கம் எடுத்துப் பாருங்கள். தொடர்பு வாரக்கணக்கில் நீடிக்கிறது. கொந்தளிப்பான நாளைத் தொடர்ந்து கொந்தளிப்பான நாளும், அமைதியான நாளைத் தொடர்ந்து அமைதியான நாளும் வருகின்றன. எந்தத் திசை என்பது மட்டும்தான் தெரியாது.

இதைப் பிடித்தது எங்கிள் 1982இல் எழுதிய ஆர்ச் மாதிரி. அதைச் சோதிக்க அவர் எடுத்தது பங்கு விலை அல்ல, பிரிட்டனின் பணவீக்கத் தரவு. 1986இல் டிம் போலர்ஸ்லெவ் அதை விரிவாக்கி கார்ச் என்று ஆக்கினார். கார்ச்சில் நேற்றைய அதிர்ச்சிக்கும் நேற்றைய ஆட்டத்துக்கும் உரிய இரண்டு கெழுக்களின் கூட்டுத்தொகைதான் ஒரு அதிர்ச்சியின் ஆயுளைச் சொல்கிறது. அது 0.95 என்றால் தாக்கம் பாதியாகக் குறையச் சுமார் 14 நாட்கள், 0.98 என்றால் சுமார் 34 நாட்கள். கெழுவில் தெரியும் இந்தச் சின்ன வித்தியாசம் ஆபத்து மேலாண்மையில் எவ்வளவு பெரியது பாருங்கள்.

இன்னொன்று, மணி வடிவப் பரவலை (நார்மல் டிஸ்ட்ரிபியூஷன்) நம்பி உட்காராதீர்கள். பெனுவா மாண்டல்பிரோ 1963இலேயே பருத்தி விலையை வைத்து, பெரிய மாற்றங்கள் அந்தப் பரவல் அனுமதிப்பதைவிட எவ்வளவோ அடிக்கடி நடக்கின்றன என்று காட்டினார். 1987 அக்டோபர் 19 அன்று டௌ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6% விழுந்தது. தினசரித் திட்ட விலக்கம் (வழக்கமான ஆட்டத்தின் அளவு) 1% என்று வைத்தால் அது 22 மடங்குக்கும் மேல். மணி வடிவப் பரவலின்படி பிரபஞ்சத்தின் வயது முழுக்கக் காத்திருந்தாலும் அப்படி ஒரு நாள் வராது. வந்தது.

விலையை அப்படியே எடுக்காமல் ஏன் மடக்கை லாப விகிதம் எடுக்கிறார்கள்?

100 ரூபாய் 50% இறங்கி மறுபடி 50% ஏறினால் 75தான் ஆகும். ஆனால் சதவீதங்களைக் கூட்டினால் பூஜ்யம் வரும். விலைகளின் மடக்கைக்கு (லாக்) இடையே உள்ள வித்தியாசத்தை எடுத்தால் இந்தக் குழப்பம் இல்லை, நாள்களை நேராகக் கூட்டி மாதக் கணக்குப் பெறலாம். ஒரே நேரத்தில் பல பங்குகளைச் சேர்க்கும்போது மட்டும் சாதாரணச் சதவீதத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

வேல்யூ அட் ரிஸ்க் சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

வேல்யூ அட் ரிஸ்க் என்பது நட்டம் பெரும்பாலும் தாண்டாத ஒரு வரம்பு. 99% அளவில் ஒருநாள் நட்டத்துக்கு ஒரு வரம்பு சொன்னால், 250 வர்த்தக நாளில் அந்த வரம்பு இரண்டு மூன்று முறை தாண்டப்பட வேண்டும். வங்கிகளுக்கான சர்வதேச பேசல் விதிமுறை இதைப் போக்குவரத்து விளக்கு போலப் பிரித்தது: நான்கு வரை பச்சை, ஐந்து முதல் ஒன்பது வரை மஞ்சள், பத்தும் அதற்கு மேலும் சிவப்பு. ஒருமுறைகூடத் தாண்டவில்லை என்றால் அதுவும் நல்லதல்ல. வரம்பைத் தேவைக்கு மேல் அகலமாக வைத்திருக்கிறார்கள். தாண்டிய நாட்கள் எல்லாம் ஒரே வாரத்தில் குவிந்தால், கொந்தளிப்பை மாதிரி பிடிக்கவில்லை என்று பொருள். தாண்டிய நாளில் நட்டம் எவ்வளவு ஆழம் என்பதை இந்த அளவு சொல்லவே சொல்லாது. அதற்கு, தாண்டிய நாட்களின் சராசரி நட்டத்தையும் பார்க்க வேண்டும்.

2008 நெருக்கடியை ஏன் பெரும்பாலோர் முன்கூட்டிச் சொல்லவில்லை?

அந்த ஆண்டு நவம்பரில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸுக்கு வந்த ராணி இரண்டாம் எலிசபெத்தும் இதையேதான் கேட்டார். நியாயமான கேள்வி. பழக்கமும் புதிதல்ல. பிரகாஷ் லுங்கானி 2001இல் வெளியிட்ட ஆய்வில், 1990களில் பல நாடுகளில் நடந்த 60 மந்தநிலைகளில் இரண்டை மட்டுமே கணிப்பாளர்களின் பொதுக்கருத்து ஓராண்டுக்கு முன் சொல்லியிருந்தது.

காரணங்கள் பல. திருப்புமுனைகள் அரிதானவை, கற்றுக்கொள்ளப் போதுமான எண்ணிக்கை இல்லை. அன்றைய பெரிய மாதிரிகள் பலவற்றில் வங்கிகளின் கடனும் அவற்றின் தளர்ச்சியும் பெயருக்குத்தான் இருந்தன. அப்புறம் மனித இயல்பு: எல்லோரோடும் சேர்ந்து தவறினால் யாரும் தனியாகக் கேள்வி கேட்க மாட்டார்கள், தனித்துத் தவறினால் வேலை போகும். அதனால் கணிப்புகள் சராசரியைச் சுற்றியே ஒட்டிக்கொள்கின்றன. இந்தக் கடைசிக் காரணத்தை எந்தக் கணினியாலும் சரிசெய்ய முடியாது.

இயந்திரக் கற்றல் வந்த பிறகும் இதெல்லாம் தேவையா?

தரவு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. ஸ்பைரோஸ் மக்ரிடாகிஸ் நடத்திவரும் எம் போட்டிகள் என்ற முன்கணிப்புப் போட்டிகள் இதற்கு நல்ல சாட்சி. 2018இல் முடிந்த நான்காவது போட்டியில் ஒரு லட்சம் தொடர்கள். முழுக்க இயந்திரக் கற்றலை மட்டும் நம்பிய ஆறு முறைகளில் ஒன்றுகூட, எளிய முறைகளின் சராசரியாக வைக்கப்பட்ட ஒப்பீட்டு அளவைத் தாண்டவில்லை. வென்றது, அண்மை எண்களுக்கு அதிக எடை கொடுக்கும் எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங் என்ற பழைய முறையையும் நியூரல் நெட்வொர்க்கையும் கலந்த ஒன்று. 2020இல் நடந்த ஐந்தாவது போட்டியில் வால்மார்ட்டின் சுமார் மூவாயிரம் பொருட்களின் தினசரி விற்பனையைக் கொடுத்தார்கள். அங்கே முடிவு மரங்களை (டிசிஷன் ட்ரீ) அடிப்படையாகக் கொண்ட இயந்திரக் கற்றல் முறைகள் தெளிவாக முன்னால் வந்தன.

மாதாந்திரப் பணவீக்கம் என்றால் 50 ஆண்டுக்கு 600 எண்கள்தான். அதுவும் இடையில் கொள்கைகள் மாறிய 600. அங்கே எளிய மாதிரியை அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட முடியாது.

பல கணிப்புகள் இருந்தால் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கவா, சராசரி எடுக்கவா?

சராசரி. பேட்ஸும் கிரேஞ்சரும் 1969இலேயே காட்டியது இது. சம அளவு பிழை உள்ள இரண்டு கணிப்புகளின் பிழைகளுக்கு இடையே ஒட்டுறவு 0.5 என்றால், சராசரி எடுத்தாலே பிழையின் பரவற்படி (பிழைகளின் வர்க்கச் சராசரி) கால் பங்கு குறைந்துவிடும். எடைகளை நுணுக்கமாக மதிப்பிட்டால் இன்னும் மேம்படும் என்று தோன்றும். நடைமுறையில் சம எடை கொடுத்த சராசரிதான் பல நேரம் முந்துகிறது. எடைகளை மதிப்பிடுவதில் வரும் பிழை, கிடைக்கும் லாபத்தைத் தின்றுவிடுகிறது.

முடிவை ஒரே எண்ணாகச் சொல்லலாமா?

வேண்டாம். "வளர்ச்சி 2%" என்று மட்டும் சொன்னால், 1.8 முதல் 2.2 வரையா, மைனஸ் 1 முதல் 5 வரையா என்று கேட்பவருக்குத் தெரியாது. இரண்டுக்கும் எடுக்க வேண்டிய முடிவு வேறு. பேங்க் ஆஃப் இங்கிலாந்து 1996இல் தன் பணவீக்கக் கணிப்பை விசிறி போல விரியும் படமாகத் தரத் தொடங்கியது. அதைப் பின்பற்றுங்கள். பிறகு, 80% பட்டைக்குள் உண்மையில் 80% விழுந்ததா என்று கணக்குப் பாருங்கள். 55%தான் விழுந்தது என்றால் பட்டை குறுகலாகப் போட்டிருக்கிறீர்கள். மையக் கோடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது குறைதான்.

எந்த மென்பொருளில் செய்யலாம்?

ஆர், பைத்தான் இரண்டும் இலவசம், இரண்டுமே போதும். ஸ்டேட்டா, ஈவியூஸ் உங்கள் துறையில் இருந்தால் அவையும் சரி. எதைச் செய்தாலும் எழுதப்பட்ட நிரலாகச் செய்யுங்கள், செல் செல்லாக இழுத்துச் செய்யாதீர்கள்.

கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அரசுக் கடன் ஜி.டி.பி-யில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1% என்று இருந்தது. பல நாடுகளின் செலவுக் குறைப்பு விவாதங்களில் அந்த ஆய்வு மேற்கோள் காட்டப்பட்டது. 2013இல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆராய்ச்சி மாணவர், அவர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஒரு சூத்திரத்தின் வரம்பு ஐந்து நாடுகளை விட்டுவிட்டிருந்தது. சில ஆண்டுகள் சேர்க்கப்படாததும் எடை கொடுத்த விதமும் அதைவிடப் பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தியிருந்தன. தன் ஆசிரியர்கள் இருவரோடு சேர்ந்து அவர் மறுபடி கணக்கிட்டபோது வந்த எண் 2.2%. எக்செல் பிழையை ரெய்ன்ஹார்ட்டும் ரோகாஃபும் ஒப்புக்கொண்டார்கள். எடை பற்றிய வாதம் தொடர்ந்தது.

கோப்பை அவர்கள் கொடுத்ததால்தான் இது வெளியே வந்தது. ஆகவே ஆய்வை அனுப்பும்போதே மூலத் தரவு, அதைப் பதிவிறக்கிய தேதி, நிரல், முயன்று கைவிட்ட மாதிரிகளின் பட்டியல், நான்கையும் சேர்த்தே அனுப்புங்கள்.